மெய்வல்லுநர் அணிக்கு எந்த ஆவணப்படத்தைக் காட்டுவது?

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலையொன்றின் மெய்வல்லுநர் அணிக்கு, வலயமட்டப் போட்டிகளுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் ஆவணப்படம் ஒன்றைத் திரையிடுவது என்று பயிற்றுநரும் பழைய மாணவர்களாகிய நாங்கள் சிலரும் தீர்மானித்தோம். படத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அணியில் 40 பேர் இருக்கிறார்கள். மிக இளையவருக்கு 13 வயது, மூத்தவர்கள் உயர்தர வகுப்பில் படிப்பவர்கள். அவர்களுக்கென்று ஓடுபாதை கிடையாது. துடுப்பாட்ட அணி போனபிறகு எஞ்சும் புற்றரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பயிற்சி செய்கிறார்கள். சுகததாச விளையாட்டரங்கின் செயற்கைத் தளத்தில் அவர்களுடைய கால் படுவது பெரும்பாலும் போட்டி நாளன்றுதான்.

திரையிடலுக்கு எங்களிடம் உள்ள நேரம் இரண்டு மணித்தியாலம். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் வரும் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். வெள்ளவத்தைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மாலையில் ரியூஷன் இருக்கிறது. நான் பார்த்த பிரதிகள் எவற்றிலும் தமிழ் வசனவரிகள் இல்லை. அணியில் பாதிப் பேர் ஆங்கில வசனவரியை அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்து வாசிக்கக்கூடியவர்கள் அல்லர். இந்த இரண்டு நிபந்தனைகளைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்த 40 பேரில் மாகாண மட்டத்தைத் தாண்டுபவர்கள் மிகச் சிலராகவே இருப்பர், தேசிய அணிக்குப் போகும் பிள்ளை ஒன்றுகூட இல்லாமற் போகலாம். அப்படியிருக்க, வெற்றி பெற்றவர் எப்படி வென்றார் என்று சொல்லும் படம் அவர்களுக்குப் பயன்படுமா, அல்லது ஓடுவது என்றால் நாள்தோறும் என்ன செய்வது, வெல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டும் படம் பயன்படுமா?

பிள்ளைகளிடம் கேட்டபோது ஒரே குரலில் போல்ட் என்றார்கள். 2016ஆம் ஆண்டில் பெஞ்சமின் டர்னர், கேப் டர்னர் ஆகிய இருவர் இயக்கிய ‘ஐ ஆம் போல்ட்’ ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஓடுகிறது. எங்கள் நேரத்துக்குள் அடங்கும். உசைன் போல்ட் தன் கையாலேயே பதிவுசெய்த காட்சிகள் பல இதில் உண்டு என்பதால், பெர்லினில் 2009இல் 100 மீற்றரை 9.58 செக்கனிலும் 200 மீற்றரை 19.19 செக்கனிலும் ஓடிய மனிதர் பயிற்சிக்குப் போக மனமில்லாமல் கட்டிலில் கிடப்பதையும், பயிற்றுநர் கிளென் மில்ஸின் சொல்லுக்கு முனகிக்கொண்டே எழுந்து போவதையும் பார்க்கிறோம். 2016இல் ஜமெய்க்காவின் தெரிவுப் போட்டியின்போது தொடைப் பின்தசையில் ஏற்பட்ட காயத்தோடு அவர் ரியோ ஒலிம்பிக்குக்குத் தயாரான காலப்பகுதி, காயத்தை மறைத்துக்கொண்டு ஓடும் எங்கள் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய பகுதி.

ஆனாலும் இந்தப் படத்தை நான் முதலிடத்தில் வைக்கவில்லை. அதன் கட்டமைப்பு முழுவதும் மூன்று ஒலிம்பிக்குகளில் மும்மூன்று தங்கம் என்ற இலக்கை நோக்கியே நகர்கிறது. படம் வெளியாகி இரண்டு மாதங்கள்கூட நிறைவதற்கு முன், 2017 ஜனவரியில், பீஜிங் அஞ்சலோட்ட அணியின் உறுப்பினரான நெஸ்டா கார்ட்டரின் மறுபரிசோதனையில் ஊக்கமருந்து கண்டறியப்பட்டு, அந்த அஞ்சலோட்டத் தங்கம் நால்வரிடமிருந்தும் பறிக்கப்பட்டது. போல்டின் தங்கங்கள் எட்டாயின. படத்தின் குற்றமல்ல அது. ஆனால் இன்று அதைக் காட்டுபவர் இந்தச் செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும், சொன்னவுடன் படத்தின் உச்சக்கட்டம் தளர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தயக்கம் என்னவென்றால், போல்டின் உடலமைப்பும் புகழும் வாழ்க்கையும் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. பார்த்து மகிழ்வார்கள், மறுநாள் மைதானத்தில் அவருடைய அம்பெய்யும் சைகையைச் செய்து காட்டுவார்கள். அதற்கு மேல் எதை எடுத்துச் செல்வார்கள் என்று எனக்குத் தெளிவில்லை.

கென்ய மரதன் ஓட்டவீரர் எலியுட் கிப்சோகேயைப் பற்றிய இரண்டு படங்களைப் பயிற்றுநர் முன்மொழிந்தார். 2017இல் வெளியான ‘பிரேக்கிங்2’ இத்தாலியின் மொன்சா கார்ப் பந்தயத் தடத்தில் மரதனை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓட எடுத்த முயற்சியைச் சொல்கிறது. அன்று கிப்சோகே 2:00:25இல் முடித்தார். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான படம், விஞ்ஞானப் பகுதிகள் தெளிவானவை. ஆனால் முயற்சியை நடத்திய சப்பாத்து நிறுவனத்தின் விளம்பரமாகவும் அது இருப்பதை மறைக்க முடியாது. ஒரே சோடி சப்பாத்தை அண்ணனும் தம்பியும் மாறிமாறிப் போடும் வீடுகள் எங்கள் அணியில் உண்டு. புதிய சப்பாத்து இருந்தால்தான் வேகம் வரும் என்ற எண்ணத்தை அந்த வீடுகளுக்கு அனுப்பிவைக்க நான் விரும்பவில்லை.

ஜேக் ஸ்கொட் இயக்கிய ‘கிப்சோகே: த லாஸ்ட் மைல்ஸ்டோன்’ 2021இல் வெளியானது. 2019 ஒக்டோபர் 12இல் வியன்னாவின் பிராட்டர் பூங்கா வீதியில் அவர் 1:59:40இல் மரதன் தூரத்தை ஓடி முடித்ததே இதன் மையம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டத்தைவிட, கென்யாவின் கப்டகட் முகாமின் வாழ்க்கை: உலகின் முதல்தர ஓட்டவீரர் மற்றவர்களோடு பங்குபோட்டு முகாமைத் துப்புரவு செய்கிறார், எளிய உணவை உண்கிறார். அவரது பயிற்றுநர் பட்ரிக் சாங் 1992 பார்சலோனாவில் 3000 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி பெற்றவர். வியன்னாவில் 41 வேகத்துணை ஓட்டவீரர்கள் முறைவைத்து, ஒரு வேளைக்கு ஐவர் முன்னும் இருவர் பின்னுமாக ஓடி, காற்றின் தடையை அவருக்காகத் தாங்கினார்கள். அந்த ஏற்பாடுகளின் காரணமாகவே அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஒருவருடைய ஓட்டத்துக்காக 41 பேர் தமது வேகத்தைக் கொடுத்தார்கள் என்பது அஞ்சலோட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

ஒரு கணக்கையும் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். வியன்னாவில் அவர் ஓடிய வேகம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்கு 2 நிமிடம் 50 செக்கன். அதாவது 400 மீற்றர் சுற்று ஒவ்வொன்றையும் 68 செக்கனில் முடித்து, அதை நிறுத்தாமல் 105 தடவைக்கு மேல் திரும்பச் செய்வது. இதைப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் கடிகாரத்தோடு காட்டிவிடலாம், படம் தேவையில்லை. படத்தின் குறை என்னவெனில் அது முழுமையாக ஒரு மனிதரின் புகழுரை. தோல்விக்கு அதில் இடம் குறைவு. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. எங்கள் அணியில் 17 பேர் பெண் பிள்ளைகள்.

அப்போதுதான் ஜெரி ரொத்வெல் இயக்கி 2012இல் வெளியான ‘டவுன் ஒஃப் ரன்னர்ஸ்’ படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். எத்தியோப்பியாவின் மலைநாட்டுச் சிற்றூரான பெகோஜியே இதன் கதாநாயகன் என்று சொல்லலாம். 1992இல் 10,000 மீற்றரில் தங்கம் வென்ற டெரார்ட்டு துலு, 1996 மரதனில் வென்ற ஃபதுமா ரோபா, ஆளுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் பெற்ற கெனெனிசா பெகெலேயும் திருனேஷ் டிபாபாவும் என, இத்தனை பேரும் அந்த ஒரே ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலரை முதன்முதலில் பயிற்றுவித்தவர் அந்த ஊர்ப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த செந்தாயெஹு எஷெட்டு. படத்தின் தொடக்கத்தில் அவர் அதிகாலைக் குளிரில், பனிமூட்டம் விலகாத வெளியில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசைப்படுத்தி நிறுத்தும் காட்சியைப் பார்த்தபோது, நான் பாடசாலையில் படித்த காலத்தில் விசிலும் கடிகாரமும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கே வாசலில் நின்ற ஆசிரியர் என் கண்முன் வந்தார். அவர் இப்போது இல்லை. இந்தத் தெரிவில் அவருடைய நினைவும் கலந்திருக்கிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நேர்மை.

படம் சாதனையாளர்களைத் தொடர்வதில்லை. ஓடி முன்னேற நினைக்கும் இரண்டு பெண் பிள்ளைகளையும், அவர்களின் நண்பனான, தெருவோரச் சிறு கடையில் நிற்கும் ஒரு பையனையும் மூன்று ஆண்டுகள் தொடர்கிறது. அந்தப் பெண்கள் ஊர்ப் போட்டியிலிருந்து பிரதேசப் போட்டிக்கும், அங்கிருந்து வெளியூர்ப் பயிற்சி நிலையங்களுக்கும் போகிறார்கள். போகும் இடம் எல்லாம் நல்ல இடமாக அமைவதில்லை. ஒருத்தி சென்ற நிலையத்தில் கவனிப்பும் வசதியும் போதாமல் அவள் சோர்ந்துபோவதை இயக்குநர் அவசரமின்றி, கண்ணீரைப் பெரிதுபடுத்தாமல் காட்டுகிறார். ஓட்டம் என்பது திறமையோடு முடிவதில்லை, அந்தத் திறமையைப் பொறுப்பேற்கும் நிலையம், சாப்பாடு, தொலைபேசியில் வீட்டாரின் குரல், காயம் ஆறக் காத்திருக்கும் மாதங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொரு படத்தை நான் காணவில்லை. மாகாண மட்டத்தோடு நின்றுபோன எத்தனையோ பிள்ளைகளின் கதையை நாம் அறிவோம்; வேகம் போதாததால் நின்றவர்கள் அவர்களில் சிலர்தான், மற்றவர்கள் தங்குமிடமும் துணையும் இல்லாததால் நின்றவர்கள்.

இந்தப் படத்துக்கு மொழி வகையிலும் ஓர் அனுகூலம் உண்டு. இதில் மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் எத்தியோப்பிய மொழிகளிலேயே பேசுகிறார்கள். போல்டின் படத்தில் ஓயாமல் ஒலிக்கும் ஆங்கிலப் பேச்சுக்கு மேல் நான் தமிழில் பேசினால் இரண்டும் குழம்பும். இங்கோ வசனவரியை நான் தமிழில் வாசித்துச் சொன்னால் அது எவருக்கும் இடையூறாக இராது. ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவும் மண்டபத்துக்குள் எழாது. ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான படம் என்பதால், நடுவில் நிறுத்திப் பேசவும் நேரம் மிஞ்சும். அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: முதல் 20 நிமிடம் மெதுவாகப் போகிறது, தொலைபேசித் துணுக்குக் காட்சிகளுக்குப் பழகிய பிள்ளைகள் அசையத் தொடங்குவார்கள். களநிகழ்ச்சிகளும் அதில் இல்லை. குண்டு போடுபவரும் தட்டெறிபவரும் உயரம் பாய்பவரும் தங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கொன் இச்சிகாவா இயக்கி 1965இல் வெளியான ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ படத்தில் இருக்கிறது. 1964 ஒலிம்பிக்கை வென்றவர் பட்டியலாகக் காட்டாமல், மனித உடலின் உழைப்பாகக் காட்டிய படம் அது. குண்டை எறிவதற்கு முன் அதைக் கழுத்தோடு வைத்து வைத்துச் சரிசெய்யும் வீரரின் கைகளைத் தொலைநோக்கு வில்லையால் அருகே கொண்டுவந்து காட்டுகிறார்; களநிகழ்ச்சிப் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பழக்கத்தைத் திரையில் காண்பார்கள். சாட் நாட்டிலிருந்து வந்த 800 மீற்றர் ஓட்டவீரர் அஹமட் இசாவைப் படம் தனியாகத் தொடர்கிறது. சாட் 1960இல்தான் சுதந்திரம் பெற்றது. அந்த நாட்டைவிட அவருக்கு வயது அதிகம். பெரிய அணிகள் கூடி உண்ணும் உணவு மண்டபத்தில் அவர் தனியே அமர்ந்து சாப்பிடுகிறார், அரையிறுதிவரை வந்து அங்கேயே தோற்றுத் திரும்புகிறார். மரதன் பகுதியில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவின் முகம் திரையை நிறைத்து, வியர்வை சொட்ட, சலனமின்றி நீண்டநேரம் ஓடுகிறது. ரோமில் வெறுங்காலோடு வென்ற அவர் குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சில வாரங்களிலேயே 2:12:11.2 நேரத்தில் மீண்டும் வென்ற ஓட்டம் அது. இரண்டாவதாக அரங்கினுள் நுழைந்த ஜப்பானியர் கொக்கிச்சி சுபுராயாவைப் பிரித்தானியாவின் பசில் ஹீட்லி ஜப்பானியப் பார்வையாளர்களின் கண்முன்னே முந்திச் செல்வதும் அங்கேதான் நிகழ்ந்தது.

இலங்கையருக்கு அந்த ஒலிம்பிக் இன்னொரு காரணத்தாலும் நெருக்கமானது. 67ஆம் இலக்கத்தை அணிந்து 10,000 மீற்றர் ஓடிய ரணதுங்க கருணானந்த, அமெரிக்காவின் பில்லி மில்ஸ் வென்று மற்றவர்களும் முடித்த பிறகு, மிஞ்சிய சுற்றுகளைத் தனியொருவராக ஓடி முடித்தார்; முதலில் கேலியாகப் பார்த்த பார்வையாளர்கள் இறுதியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கதை ஜப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும் என்று நான் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அதே டோக்கியோ நகரில் 1958 ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வென்று தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் பெயரும் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்தில் பாயத் தொடங்கியவர் அவர். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது, ஏனெனில் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஆனால் ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ 170 நிமிடங்கள் ஓடும். தொடக்கவிழா, நீச்சல், மல்யுத்தம், துவிச்சக்கரவண்டி எல்லாவற்றையும் உள்ளடக்கிய அந்த நீளத்தை வெள்ளிக்கிழமை மாலையில் முழுமையாகக் காட்ட முடியாது. காட்டினாலும் 13 வயதுப் பிள்ளை தாங்காது. அதைப் பகுதி பகுதியாகக் காட்டலாம் என்பதே அதன் பலம். இசாவின் பகுதி, குண்டு போடுதல், மரதன் ஆகியன தனித்தனியே நிற்கக்கூடியவை, பேச்சும் குறைவு.

டானியல் கோர்டன் இயக்கிய, 2012இல் வெளியான ‘9.79’ என்ற படத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று பயிற்றுநரோடு நீண்டநேரம் விவாதித்தேன். தலைப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது; நீக்கப்பட்ட சாதனைக்கு இடும் குறி அது. 1988 செப்டெம்பர் 24இல் சியோலில் நடந்த 100 மீற்றர் இறுதியோட்டத்தில் பென் ஜோன்சன் 9.79 செக்கனில் வென்றார், ஸ்டனோசொலோல் என்ற ஊக்கமருந்து கண்டறியப்பட்டதால் பதக்கம் பறிக்கப்பட்டு 9.92இல் ஓடிய கார்ல் லூயிஸிடம் தங்கம் போனது. அந்த இறுதியோட்டத்தில் ஓடிய எட்டுப் பேரையும் இயக்குநர் தேடிச்சென்று பேசவைத்திருக்கிறார். அவர்களில் நான்காவதாக வந்து வெண்கலம் பெற்ற கல்வின் ஸ்மித் பேசும் அமைதியான தொனி, குற்றஞ்சாட்டும் எந்தக் குரலைவிடவும் கனமானது.

ஊக்கமருந்து எங்களுக்குத் தூரத்துச் செய்தி அன்று. 2000ஆம் ஆண்டில் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் 2007இல் உண்மையை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்த பிறகே அந்த வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மேடையில் நிற்க வேண்டிய படியில் அவர் அன்று நிற்கவில்லை, அந்த நிமிடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. உடற்பயிற்சி நிலையங்களில் புரதமா என்று தெரியாத தூள்களை வாங்கிக் குடிக்கும் உயர்தர மாணவர்கள் எங்கள் அணியிலேயே இருப்பதால், இந்தப் படம் அவர்களுக்குத் தேவை. ஆனால் இளைய பிள்ளைகள் பார்த்தால், வேகமாக ஓடுபவர் எல்லோரும் மருந்து எடுப்பவர்கள் என்ற கசப்போடு எழுந்து போய்விடுவார்கள் என்று பயிற்றுநர் சொன்னார். அவர் சொன்னதே சரி என்று நான் ஏற்றுக்கொண்டேன். படம் பெரும்பாலும் ஆங்கில நேர்காணல்களால் ஆனது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

வேறு சிலவற்றை விரைவாகக் கழித்துவிட்டேன். 1936 பெர்லின் போட்டிகளைப் பற்றிய ‘ஒலிம்பியா’ படப்பிடிப்பில் முன்னோடி, ஜெசி ஓவன்ஸின் வெற்றிகளும் அதில் உண்டு; ஆனால் நாஸி அரசின் பணத்தில் லேனி ரீஃபென்ஸ்டால் எடுத்த படத்தை வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்தன்றி ஊக்கத்துக்காகக் காட்டுவது தவறு. பிலிஸ் எல்லிஸ் இயக்கிய ‘கட்டகரி: வுமன்’, பெண் ஓட்டவீரர்களின் உடலைச் சோதித்து அவர்களை வெளியேற்றும் விதிகளைப் பற்றியது, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் வெள்ளியை இழந்த புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை அறிந்த தமிழருக்கு அது நெஞ்சைத் தொடும். அதை ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் பார்ப்பதே நல்லது.

ஆகவே என் தெரிவு ‘டவுன் ஒஃப் ரன்னர்ஸ்’. திரையிடல் இலவசம் என்றாலும் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பெண்கள் இருவரும் ஊரைவிட்டுப் புறப்படும் இடத்தில் படத்தை நிறுத்தி, பத்து நிமிடம் பிள்ளைகளைப் பேசவிடுவது என்று பயிற்றுநரோடு பேசி முடிவாயிற்று. ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ படத்தின் மூன்று பகுதிகளையும் அடுத்த வாரத்தில் மூன்று காலைகளில், பயிற்சிக்கு முன், மடிகணினியிலேயே காட்டுவோம். மரதன் பகுதி முடிந்ததும் கருணானந்தவின் கதையைச் சொல்ல மாணவத் தலைவி ஒருத்தி முன்வந்திருக்கிறாள். ‘9.79’ உயர்தர மாணவர் 11 பேருக்கு மட்டும், போட்டிகள் முடிந்த பிறகு. போல்டின் படத்தை விரும்பிய பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி ஒன்றுகூடலில் அதைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மண்டபக் கதவு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் திறக்கும். பெற்றோருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம்; மகளை வெளிமாவட்டப் பயிற்சி முகாமுக்கு அனுப்பத் தயங்கும் மூன்று குடும்பங்களை நான் நேரில் போய் அழைத்தேன். அவர்களுடைய தயக்கம் பிழையென்று அந்தப் படம் சொல்லாது, அனுப்புவதற்கு முன் முகாமைப் பற்றி என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதைக் காட்டும். இரண்டு குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருக்கின்றன.